நகரி மூக்கும் நாலு கிலோமீட்டர் ஓடுபாதையும்

எங்கள் ஊர் ஏகாம்பரகுப்பம். சென்னைப் பக்கமிருந்து ரயிலில் வந்தால் அரக்கோணத்தில் வண்டி வடக்கே திரும்பும். திருத்தணி, பொன்பாடி வரை தமிழ்நாடு. அப்புறம் பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் வண்டி கிளம்பிவிடும் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, பிறகு நகரி, அதற்கடுத்து நாங்கள். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், தறியில் இரண்டும். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தபோது எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்திலேயே நின்றுவிட்டது. நைனா, அதாவது என் அப்பா, பிறந்தது அதற்கு முன்னால். எந்தப் பக்கம் எழுதிவைத்தாலும் சேலை ஒரே சேலைதானே என்பார்.

ஊரில் எங்கிருந்து பார்த்தாலும் நகரி மலை தெரியும். அதன் ஒரு முனை மல்லாந்து படுத்த ஆளின் மூக்குபோல நீட்டிக்கொண்டிருக்கும். வெள்ளைக்காரர்கள் வரைபடத்திலேயே அதை நகரி மூக்கு என்று குறித்திருந்தார்கள். 800 மீட்டருக்கு மேல் உயரம். இதிலே எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. அந்த மூக்கு கடலிலிருந்து தெரியும். வங்காள விரிகுடாவில் வந்த பழைய கப்பல்காரர்கள் தாழ்வான சோழமண்டலக் கரை கண்ணுக்குத் தட்டுப்படும் முன்பே இந்த மலையைப் பார்த்து, எங்கே இருக்கிறோம் என்று கணித்துக்கொள்வார்கள். கடலையே பார்க்காத ஊர் எங்களுடையது. ஆனால் கடலில் போனவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இதைச் சொல்லக் காரணம், இன்று அந்தப் பார்வை திரும்பியிருக்கிறது. மலையிலிருந்து தெற்கே, அரக்கோணத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்ப்பதற்கென்றே ஒரு விமானதளம் இருக்கிறது. ஐ.என்.எஸ். ராஜாளி. இந்தியக் கடற்படையின் தளம். கடற்கரை அங்கிருந்து எழுபது கிலோமீட்டருக்குக் குறையாது. சுற்றிலும் ஏரி, நெல்வயல், வேர்க்கடலைக் கொல்லை, வேலிகாத்தான். அதற்கு நடுவில் 4 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான ஓடுபாதை. நாட்டின் ராணுவ ஓடுபாதைகளில் மிக நீளமானவற்றில் ஒன்று.

என் தாய்மாமா அந்த ஓடுபாதையில் இருபது வருஷத்துக்கு மேல் கூலிவேலை பார்த்தவர். நான் எழுதுவதில் பாதி அவர் சொல்லித் தெரிந்தது. உள்ளே எது எங்கே இருக்கிறது என்று அவர் ஒருநாளும் எங்களிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. கடற்படையே ஊரறியச் சொன்னவையும், எந்த ஓடுபாதைக்கும் பொருந்துகிற விஷயங்களும்தான் இங்கே இருக்கும்.

முதலில் பெயர். கடற்படை தன் விமானதளங்களுக்குப் பெரும்பாலும் பறவைப் பெயர் வைக்கிறது. கொச்சியில் கருடா, கோவாவில் ஹன்ஸா, மும்பையில் ஷிக்ரா, நிக்கோபாரின் தெற்கில் பாஸ். ராமநாதபுரம் உச்சிப்புளியில் இருப்பதன் பெயர் பருந்து. அரக்கோணத்துக்கு ராஜாளி. இரண்டும் நம் மொழியில் புழங்குகிற பெயர்கள். ராஜாளி என்றால் வல்லூறு வகையைச் சேர்ந்த வேட்டைப் பறவை, நிகண்டுக்காரர்களைக் கேட்கவே வேண்டாம், எங்கள் ஊர்க் கிழவிகளே சொல்வார்கள். கோழிக்குஞ்சை அடைகாக்கும் பொழுதில் வானத்தைப் பார்த்து 'ராஜாளி சுத்துது, கூடையக் கவுத்துடு' என்று அம்மாச்சி கத்துவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். ஒரு ராணுவத் தளத்தின் வாசலில் அந்தச் சொல் எழுதியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும்.

தளம் புதிதல்ல. 1942-ல், இரண்டாம் உலகப்போரின் நடுவில் போடப்பட்டது. அந்த வருஷத்தை நினைத்துப் பார்த்தால்தான் இந்த இடத்தில் ஏன் என்பது புரியும். பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. மார்ச்சில் ரங்கூனும் அந்தமானும் ஜப்பானியர் கைக்குப் போயின. ஏப்ரல் 5-ஆம் தேதி கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-ஆம் தேதி திரிகோணமலையில். சென்னையில் இருந்தவர்கள் மூட்டை முடிச்சோடு உள்நாட்டு ஊர்களுக்கு ஓடிவந்தார்கள். அப்படிப்பட்ட காலத்தில் கரையிலிருந்து தள்ளி, ஆனால் ரயில்பாதைக்குப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டும். அரக்கோணத்தைவிட வசதி எங்கே? 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலே அந்த வழியாகப் போனதுதான். சரக்கும் ஆளும் பெட்ரோலும் வந்து இறங்கத் தண்டவாளம் தயாராக இருந்தது.

போர் என்பது அந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. பக்கத்துத் தக்கோலத்தில்தான் 949-ல் ராஷ்டிரகூட மூன்றாம் கிருஷ்ணனின் படை சோழ இளவரசன் ராஜாதித்தனைக் கொன்றது. கங்க மன்னன் பூதுகன் யானைமேலேயே அவனைச் சாய்த்தான் என்பதால் 'ஆனைமேல் துஞ்சியவன்' என்று ராஜாதித்தன் கல்வெட்டில் பேர் வாங்கினான். இன்று அதே தக்கோலம் பக்கம் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையின் பயிற்சி மையம் இருக்கிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-ஆவது பட்டாலியனும் அரக்கோணத்தில்தான். இந்த வட்டாரத்துப் பையன்கள் காக்கியும் வெள்ளையும் பார்த்தே வளர்கிறார்கள்.

உலகப்போர் முடிந்த பிறகு நாற்பது வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

1988-ல் சோவியத் நாட்டிலிருந்து டி.யூ-142 என்கிற விமானங்கள் இந்தியக் கடற்படைக்கு வந்தன. மொத்தம் எட்டு. முதலில் கோவாவில் இறங்கின. பிறகு அவற்றுக்கென அரக்கோணம் தயாரானது. 1992 மார்ச் 11-ஆம் தேதி அப்போதைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் தளத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். 'ஆல்பட்ராஸ்' என்று பெயர் கொண்ட 312-ஆவது கடற்படை விமான அணி அங்கே குடிவந்தது. அதே வருஷம் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளியும் வந்து சேர்ந்தது.

அந்த ரஷ்ய விமானத்தைப் பற்றி எழுதும்போது என் கை நிதானமாக ஓடாது. 50 மீட்டர் இறக்கை. 53 மீட்டர் நீளம். நான்கு எஞ்சின், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 15,000 குதிரைத்திறன். ஒவ்வொரு எஞ்சினிலும் முன்னொன்று பின்னொன்றாக இரண்டு விசிறி, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும். நிரப்பிய எரிபொருளோடு கிளம்பும்போது 185 டன் வரை எடை. அரக்கோணம் லோகோ ஷெட்டில் நிற்கிற மின்சார எஞ்சின் ஏறக்குறைய 120 டன். அப்படியானால் ஒன்றரை ரயில் எஞ்சினின் எடையை ஆகாயத்துக்கு ஏற்ற வேண்டும். ஓடுபாதை ஏன் அவ்வளவு நீளம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் சொல்வேன்.

அதோடு எங்கள் வெயிலையும் சேர்க்க வேண்டும். காற்று சூடானால் மெலியும். 15 டிகிரி காற்றைவிட 40 டிகிரி காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 8 சதவீதம் குறைவு. மெலிந்த காற்றில் இறக்கைக்குப் பிடிமானம் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு குறையும். அதனால் அதே விமானம் அதே எடையோடு எழும்ப மார்கழியைவிட அக்கினி நட்சத்திரத்தில் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஓர் எஞ்சின் கெட்டுப்போனால் பிரேக் போட்டு நிற்கவும் பாதை மிச்சம் இருக்க வேண்டும். நாலு கிலோமீட்டர் ஆடம்பரம் இல்லை என்று மாமாவுக்கு யாரோ ஓர் அதிகாரி விளக்கியிருக்கிறார். மாமா எனக்கு விளக்கினார். அதற்கப்புறம்தான் பாடப்புத்தகத்தில் படித்த அடர்த்தி எனக்குப் புரிந்தது.

கோடை விடுமுறைக்கு அம்மா எங்களை மாமா வீட்டுக்குக் கூட்டிப்போவார். மாடியில் படுத்திருப்போம். விடியற்காலையில் முதலில் சத்தம் வராது. பித்தளைச் சொம்பின் மேலே வைத்த டம்ளர் நடுங்கும். பிறகு அடிவயிற்றில் ஒரு அதிர்வு. அதற்கப்புறம்தான் காதுக்கு. உலகிலேயே மிகவும் சத்தம் போடுகிற விமான வகைகளில் அது ஒன்று, அதன் விசிறி நுனிகள் ஒலியின் வேகத்தையே தாண்டிச் சுற்றும் என்பதெல்லாம் பின்னாளில் படித்தது. அன்றைக்குத் தெரிந்தது டம்ளர்தான். ஐந்தாறு தறி ஒரே நேரத்தில் ஓடுகிற வீட்டில் பிறந்த எனக்கே காதைப் பொத்தத் தோன்றும்.

"எங்க மாமா போவுது?"

"கடலுக்கு. அந்தமான் தாண்டிப் போயி சுத்திப் பாத்துட்டு வரும். நீ இன்னிக்கி சாயந்தரம் வெளயாடிட்டு வந்து படுக்கிறதுக்குள்ள வந்துரும்."

அவர் சொன்னதில் மிகை இல்லை. ஒருமுறை நிரப்பினால் 12,000 கிலோமீட்டர் வரை பறக்கக்கூடியது. அதன் வேலை நீர்மூழ்கியைத் தேடுவது. தண்ணீருக்கடியில் இருப்பதை மேலே பறக்கிறவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? காதை அனுப்பித்தான். மிதவை மைக் என்று சொல்லலாம், சோனோபாய் என்பார்கள். குழாய் மாதிரி இருக்கும், விமானத்திலிருந்து சிறு பாராசூட்டில் கடலில் போடுவார்கள். விழுந்ததும் மேலே ஆன்டெனா மிதக்கும், கீழே கம்பியில் ஒலிவாங்கி இறங்கும். நீர்மூழ்கியின் விசிறி, எஞ்சின் எழுப்பும் மெல்லிய ஓசை அதில் விழுந்தால் விமானத்துக்கு ரேடியோவில் வரும். இப்படிப் பல மிதவைகளை வரிசையாகப் போட்டு, எதில் ஓசை முந்தி வருகிறது, எதில் உரத்து வருகிறது என்று பார்த்து இடத்தைக் குறுக்குவார்கள். மணிக்கணக்கில் பொறுமையாகச் செய்கிற வேலை. பாவு நூலில் எங்கே இழை அறுந்தது என்று விரலால் தடவிக் கண்டுபிடிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பொறுமைதான் இதற்கும் வேண்டும்.

சரி, மாமாவின் வேலைக்கு வருகிறேன்.

விமானதளம் என்றால் எல்லோருக்கும் விமானம் ஞாபகம் வரும். அது பறப்பதற்குத் தரை எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஒரு சின்னக் கூழாங்கல், ஒரு ஆணி, அறுந்த கம்பித் துண்டு போதும். எஞ்சின் உள்ளே இழுத்துக்கொண்டால் கோடிக்கணக்கில் நாசம், உயிருக்கும் ஆபத்து. அதனால் வரிசையாக ஆட்கள் தலைகுனிந்து நடந்து பொறுக்குவார்கள். மாமா சொல்வார், நாற்று நடுகிறவர்கள் மாதிரி, ஆனால் முன்பக்கமாக. அடுத்தது புல். இரண்டு ஓரத்திலும் புல்லை ஓர் அளவுக்கு மேல் விடக்கூடாது. விட்டால் பூச்சி, பூச்சிக்குக் கொக்கும் மைனாவும், எலிக்குப் பாம்பும் பருந்தும். மழை பெய்த மறுநாள் கொக்குக் கூட்டம் இறங்கிவிடும். பட்டாசு வெடித்துக் கலைப்பார்கள்.

அவருக்குப் பழகிய பெரிய வேலை ரப்பர் சுரண்டுவது. விமானம் இறங்கும்போது சக்கரம் சுற்றாமல்தான் இருக்கும். தரை தொட்ட கணத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் வேகம். சக்கரம் அந்த வேகத்துக்குச் சுற்ற ஆரம்பிக்கும் வரை தேய்ந்து இழுபடும், நாம் பார்க்கிற அந்தப் புகை அதுதான். உருகிய ரப்பர் பாதையில் ஒட்டிக்கொள்ளும். நிறைய இறக்கம் ஆனால் அந்த இடம் தார் பூசியதுபோல் கறுத்து வழவழப்பாகிவிடும். பாதையின் சொரசொரப்பு மூடிப்போய், மழையில் பிரேக் பிடிக்காது. அதைத் தண்ணீர் பீய்ச்சியும் மருந்து போட்டும் தேய்த்தும் எடுக்க வேண்டும். மாமா இருந்த கும்பல் பிரஷ்ஷும் சுரண்டியும் வைத்துக்கொண்டு குத்தவைத்து வேலை செய்திருக்கிறது. அவர் கையில் அந்தக் கறுப்பு நகக்கண்ணோடு ஊறிப்போயிருந்தது. அத்தை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்துவிடுவார், போகாது.

அப்புறம் கோடு போடுவது. ஓடுபாதையின் நடுக்கோடு தொடர்ந்து இருக்காது, விட்டுவிட்டு இருக்கும். ஒவ்வொரு பட்டையும் 30 மீட்டர் அளவு. இரண்டு முனையிலும் எண் எழுதியிருக்கும். காந்த வடக்கிலிருந்து பாதை எத்தனை டிகிரி திரும்பியிருக்கிறதோ அதைப் பத்தால் வகுத்த எண். இரண்டு முனை எண்களுக்கும் எப்போதும் 18 வித்தியாசம் இருக்கும், நேரெதிர்த் திசை என்பதால். மாமா ஆறாம் வகுப்போடு நின்றவர். ஆளுயரத்தைவிடப் பல மடங்கு பெரிய அந்த எண்ணுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வந்து, இந்தக் கணக்கை அத்தைக்கு மண்ணில் குச்சியால் வரைந்து காட்டினாராம்.

ஒரு ஒப்பந்தக்காரர் ஒருமுறை மூன்று வாரக் கூலியைக் கொடுக்காமல் ஏமாற்றிவிட்டார். அந்தப் பொங்கலுக்கு மாமா வீட்டில் புதுத்துணி இல்லை. நைனா எங்கள் தறியிலிருந்து இரண்டு சேலை கொடுத்தனுப்பினார். மாமா அதற்குப் பிறகும் வேலையை விடவில்லை. "பாதை நம்மள்து இல்ல, ஆனா நம்ம துடைக்கிறது" என்பார்.

2013 மே 15-ஆம் தேதி, டி.யூ-142-ன் இடத்தைப் பிடிக்க வந்த போயிங் பி-8ஐ விமானங்களில் முதலாவது அரக்கோணத்தில் இறங்கியது. 2009-ல் எட்டு விமானத்துக்கு ஒப்பந்தம், பிறகு 2016-ல் மேலும் நான்கு. பயணிகள் விமானமான போயிங் 737-ன் உடம்புதான், உள்ளே மட்டும் வேறு உலகம். ரேடார், சோனோபாய், டார்பிடோ, கப்பலை அடிக்கும் ஹார்ப்பூன் ஏவுகணை. கடலுக்கடியில் இருக்கும் இரும்பால் பூமியின் காந்தப்புலத்தில் ஏற்படும் சின்ன மாற்றத்தை உணரும் கருவி வாலில் இருக்கும். அமெரிக்கா தனக்கு வைத்துக்கொண்ட மாடலில் அது இல்லை, நமக்காகப் பொருத்தியது. தளத்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகும் முன்பே, 2014 மார்ச்சில், காணாமல்போன மலேசிய விமானம் எம்.எச்.370-ஐத் தேடும் பணிக்கு அனுப்பப்பட்டது. 2015 நவம்பர் 13-ஆம் தேதி அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் அரக்கோணம் வந்து அணியை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

அது முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. டிசம்பர் 1 இரவு சென்னை மூழ்கியது.

மீனம்பாக்கம் ஓடுபாதை தண்ணீருக்கடியில். விமான நிலையம் 6-ஆம் தேதி வரை மூடிக்கிடந்தது. அந்த நாட்களில் ராஜாளியின் கதவு திறந்தது. மீட்புப் படைகளையும் படகுகளையும் நிவாரணப் பொருளையும் சுமந்துகொண்டு பெரிய சரக்கு விமானங்கள் இறங்கின. பிரதமர் 3-ஆம் தேதி அங்கேதான் வந்து இறங்கி ஹெலிகாப்டரில் வெள்ளத்தைப் பார்க்கப் போனார். பயணிகள் விமானங்களும் அங்கிருந்தே பறந்தன. டிக்கெட் கவுன்டரோ, பெட்டி சுற்றிவரும் பெல்ட்டோ இல்லாத ஒரு போர்த்தளத்திலிருந்து வெளியூர் போக வேண்டியவர்கள் கிளம்பினார்கள். சென்னையிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வந்தது.

நான் அப்போது மாமா வீட்டில் இருந்தேன். கூலிவேலையை அவர் விட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. ரோட்டோர டீக்கடையில் நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு வழி சொன்னார். முழங்கால்வரை சேறு காய்ந்த பேன்ட்டோடு, கைக்குழந்தையோடு, நனைந்த பாஸ்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வயதான அம்மா, தில்லியில் மகள் வீட்டுக்குப் போகிறவர், இவ்வளவு சின்ன ஊரில் பெரிய விமானம் இறங்குமா என்று பயந்து கேட்டார்.

"தாராளமா இறங்கும்மா. மீனம்பாக்கத்தவிட நீளம். நான் கையால தேய்ச்ச பாதை, வழுக்காது. தைரியமா போங்க."

அந்த அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் சொல்ல வந்ததே இதுதான். விமானங்கள் மாறும். 1942-ல் ஒன்று, 1992-ல் ஒன்று, 2013-ல் ஒன்று. 2020-ல் குத்தகைக்கு வந்த ஆளில்லா சீ கார்டியன் இரண்டு, அதில் ஒன்று 2024 செப்டம்பரில் கோளாறாகிக் கடலில் இறக்கப்பட்டது. அந்தப் பாதை மட்டும் அதே இடத்தில் கிடக்கிறது, அதைத் துடைத்து வைத்தவர்களின் ஊரும் அங்கேயே இருக்கிறது. 2024 ஜூனில் அனாமிகா பி. ராஜீவ் கடற்படையின் முதல் பெண் ஹெலிகாப்டர் விமானியாகத் தேர்ச்சி பெற்று வெளிவந்தது இந்தத் தளத்திலிருந்துதான். செய்தித்தாளைப் பார்த்துவிட்டு மாமா எனக்கு போன் போட்டு, "நம்ம எடத்துல" என்றார்.

டி.யூ-142-க்கு 2017 மார்ச் 29-ஆம் தேதி ராஜாளியில் விடைகொடுத்தார்கள். 29 வருஷம் ஓடியது. அதற்குப் பிறகு டம்ளர் நடுங்கவில்லை. அவற்றில் ஒன்று விசாகப்பட்டினத்துக்குப் பறந்துபோய், அதே டிசம்பரில் கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

2019-ல் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். ரேணிகுண்டாவில் திருமலா எக்ஸ்பிரஸ் ஏறி மறுநாள் காலை இறங்கினோம். சாலையின் ஒரு பக்கம் மணலில் குர்சுரா என்ற நீர்மூழ்கி, எதிர்ப்பக்கம் நீர்மூழ்கியைத் தேடுவதற்கென்றே பிறந்த இந்த விமானம். இரண்டுக்கும் டிக்கெட் எடுத்தோம். மாமா முதலில் கடலைத்தான் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானத்துக்குள் ஏறிப் பார்க்கலாம். அதுவரை மாமா எந்த விமானத்திலும் ஏறியதில்லை. குனிந்து நுழைந்து, இருக்கைகளைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் பேசாமல் மறுபக்கம் இறங்கிவிட்டார். நான் வெளியே வந்து தேடினால் ஆளைக் காணவில்லை. இறக்கைக்குக் கீழே, சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்திருந்தார். டயரின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி, எடுத்து, விரல்களைத் தேய்த்துப் பார்த்தார்.

"இதான்டா" என்றார். "இந்த ரப்பர்தான்."